டெக்சாஸில் ஆன்லைன் மேத் 1324: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும்

கேள்வி:
வணக்கம். பிளேனோவுக்கு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. எச்-4 விசா (வேலை விசாவில் இருக்கும் கணவரைச் சார்ந்த விசா). ஊரில் பி.ஏ. வரலாறு முடித்தேன். இங்கே கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் படிக்க ஆசை. அட்வைசர் மேத் 1324 எடுக்கச் சொல்கிறார், ஆன்லைனிலேயே இருக்கிறதாம். ப்ளஸ் டூவில் கணக்கு உண்டு, ஆனால் தொட்டுப் பல வருடமாகிறது. கைக்குழந்தையும் இருக்கிறது. எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில் 1:
முதலில் இந்தப் பாடம் உங்களுக்குத் தேவைதானா என்று உறுதி செய்யுங்கள். டெக்சாஸில் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண்கள் உண்டு. 1314 காலேஜ் அல்ஜீப்ரா, 1324 பிசினஸ் மற்றும் சமூக அறிவியலுக்கான கணக்கு, 1325 அதே பிரிவுக்கான கால்குலஸ், 1342 புள்ளியியல். பிசினஸ் பட்டத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் 1324, 1325 இரண்டையும் கேட்கும். உளவியல், சமூகவியல் பக்கம் போகிறவர்களுக்கு 1342 மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பின்னால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறீர்களோ, அதன் டிகிரி பிளானைத் திறந்து வைத்துக்கொண்டு அட்வைசரிடம் பேசுங்கள். 42 கிரெடிட் பொதுப் பாடத் தொகுப்பில் கணக்குக்கு உள்ள 3 கிரெடிட்டை 1324 நிறைவு செய்துவிடும். ஆனால் பொறியியல் மாணவர்கள் எடுக்கும் 2413 கால்குலஸுக்கு 1325 ஈடாகாது. கம்ப்யூட்டர் பக்கம் மாறலாம் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

அடுத்து கட்டணம். கல்லூரி மாவட்டத்துக்குள் வசிப்பவர், மாவட்டத்துக்கு வெளியே டெக்சாஸில் வசிப்பவர், வெளி மாநிலத்தவர் என்று மூன்று கட்டண நிலைகள் உண்டு. எச்-4 வைத்திருப்பவர்களுக்கு டெக்சாஸ்வாசியாகப் பதியும் உரிமை இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவின் பேரில் அது கிடைக்காது. சென்சஸ் தேதிக்கு (கல்லூரி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாளுக்கு) முந்தைய 12 மாதங்கள் இங்கே நிலையாகக் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தையும் கரண்ட் பில்லையும் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவை துணைச் சான்றுகள்தான். கணவருடைய வேலைச் சான்று, சம்பளச் சீட்டுகள், திருமணமாகி ஒரு வருடம் ஆனதைக் காட்டும் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் கோரிக்கை வலுவாகும். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

விசா பற்றி ஒரு வார்த்தை. எச்-4இல் முழுநேரம், பகுதிநேரம், ஆன்லைன் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். எஃப்-1 மாணவர்களுக்கு முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். எஃப்-2 துணைவர்கள் பகுதிநேரம்தான் படிக்கலாம். பி-2 என்ற சுற்றுலா விசாவில் பட்டப் பாடத்தில் சேரவே கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் தங்கையைச் “சும்மா ஒரு பாடம் எடுக்கட்டும்” என்று சேர்த்துவிடாதீர்கள்.

சேருவதற்கு டி.எஸ்.ஐ.ஏ. என்ற தகுதித் தேர்வு இருக்கும். அதற்கு முன் ஆன்லைனில் ஒரு முன்பயிற்சியை முடித்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். கணக்கில் 20 கேள்விகள், நேர வரம்பு கிடையாது, 950 எடுத்தால் தேர்ச்சி. 950 வராவிட்டால் அப்படியே 48 கேள்விகள் கொண்ட இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோகும். அதில் 6ஆம் நிலை எடுத்தாலும் தேர்ச்சிதான், பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே ஒன்று வரும். பின்னங்கள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, நேர்கோட்டின் சாய்வு ஆகியவற்றை இரண்டு வாரம் புரட்டிவிட்டுப் போங்கள். தேறாவிட்டாலும் கதவு மூடிவிடாது. துணை வகுப்பு ஒன்றைச் சேர்த்து அதே செமஸ்டரில் 1324 எடுக்க வழி உண்டு, என்ன, வாரத்தில் கூடுதல் மணி நேரம் போகும். இந்தியப் பட்டத்தைக் காட்டினால் இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டா என்றும் கேளுங்கள். அதற்குப் பட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள்.

கைக்குழந்தை இருப்பதால் கடைசியாக ஒன்று: 16 வார வகுப்பை மட்டும் எடுங்கள். அதிலேயே வாரம் 9 மணி நேரம் வேண்டும். அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்கும் வகுப்பு என்றால் அது 18 ஆகிவிடும். கோடையில் வரும் 5 வார வகுப்பில் ஒரு நாள் காய்ச்சல் வந்தாலே ஒரு அத்தியாயம் கைவிட்டுப் போகும்.

பதில் 2:
பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நம் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குக் கணக்கு கஷ்டமில்லை. மதிப்பெண் போவது வேறு இடங்களில்.

முதல் பகுதி செலவு, வருவாய், லாபம். ஒரு பொருளின் விலை ‘100 கழித்தல் எண்ணிக்கையில் பாதி’ என்றும், செலவு ‘1,500 கூட்டல் ஒன்றுக்கு 20 டாலர்’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லாபம் உச்சமாக வருவது 80 பொருள் விற்கும்போது. அப்போது விலை 60 டாலர், லாபம் 1,700 டாலர். கேள்வியின் கடைசி வரி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் கேட்கும். 80 என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையே எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம். கேட்டது விலையா, எண்ணிக்கையா, லாபமா என்று கடைசி வரியை முதலில் படியுங்கள்.

வட்டிக் கணக்குதான் இந்தப் பாடத்தின் உயிர். வீட்டுக் கடன், கார் கடன், ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் இதே சூத்திரங்கள்தான், இந்த நாட்டில் வாழ்கிறவர்களுக்கு நாளைக்கே உதவும். இதற்கு டி.ஐ.-84 கிராஃபிங் கால்குலேட்டர் வாங்குங்கள் அல்லது கல்லூரி நூலகத்தில் இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த காசியோ எஃப்.எக்ஸ்.-991 நல்ல கருவிதான். ஆனால் ஆசிரியர் வீடியோவில் அழுத்திக் காட்டும் பொத்தான்கள் அதில் இருக்காது.

டி.ஐ.-84இல் வட்டிக் கணக்குக்கு அழுத்த வேண்டிய வரிசை: ‘ஆப்ஸ்’ பொத்தான், ‘ஃபைனான்ஸ்’, ‘டி.வி.எம். சால்வர்’. மாதம் 200 டாலர் சேமிப்பு, ஆண்டுக்கு 6 சதவீதம், மாத வட்டி, 10 வருடம் என்றால் இப்படி நிரப்ப வேண்டும்: என் (தவணைகளின் எண்ணிக்கை) என்ற இடத்தில் 120, ஐ சதவீதத்தில் (ஆண்டு வட்டி) 6, பி.வி. (தொடக்கத் தொகை) 0, பி.எம்.டி. (ஒவ்வொரு தவணை) கழித்தல் 200, பி/ஒய் (வருடத்துக்கு எத்தனை தவணை) 12. கர்சரை எஃப்.வி. (இறுதித் தொகை) மேல் வைத்து ‘ஆல்ஃபா’, ‘என்டர்’ அழுத்தினால் 32,775.87 வரும். என்னில் 10 போடுவது, ஐயில் 0.06 போடுவது, இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள். கையை விட்டுப் போகும் பணத்துக்குக் கழித்தல் குறி, கைக்கு வரும் பணத்துக்குக் கூட்டல் குறி. 20,000 டாலர் கார் கடன், 6 சதவீதம், 60 மாதம் என்றால் பி.வி. கூட்டல் 20,000, எஃப்.வி. 0. தவணை கழித்தல் 386.66 என்று வரும். குறியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விடைப் பெட்டியில் 386.66 என்றே எழுத வேண்டும்.

கையால் போடச் சொன்னால் நடுவில் எதையும் சுருக்காதீர்கள். மாதம் 200 டாலரை 7 சதவீதத்தில் 30 வருடம் போட்டால் சுமார் 2,43,994 டாலர். மாத வட்டி 0.0058333 என்பதை 0.006 என்று சுருக்கிவிட்டால் விடை சுமார் 2,53,845 ஆகிவிடும். ஒரே ஒரு சுருக்கலில் 9,850 டாலர் பிழை. இன்னொன்றையும் கவனித்தீர்களா? இப்போது நான் காற்புள்ளி போட்ட விதம் நம் லட்சக் கணக்கு. அங்கே வீட்டுப்பாட மென்பொருளில் 243,994 என்றுதான் போட வேண்டும், அல்லது காற்புள்ளியே இல்லாமல் எழுதுங்கள். டாலர் குறி வேண்டாம் என்றால் வேண்டாம், சென்ட் வரை என்றால் இரண்டு தசமம். விடை சரி, வடிவம் தப்பு என்பதற்கெல்லாம் மென்பொருள் இரக்கம் காட்டாது.

லாகரிதம் வரும்போதும் ஒரு கவனம் வேண்டும். நம் ப்ளஸ் டூ கால்குலஸில் லாக் என்று எழுதியது பெரும்பாலும் இயல் மடக்கை. இங்கே அது ‘எல்.என்.’ பொத்தான். ‘லாக்’ பொத்தான் 10 அடிமானம்.

சமன்பாட்டுத் தொகுதிகளுக்கு நாம் பழகிய கிராமர் விதி இங்கே பெரிதாக வராது. அணியை வரிசை மாற்றங்களால் சுருக்குவார்கள். கால்குலேட்டரில் ‘செகண்ட்’, ‘மேட்ரிக்ஸ்’, ‘எடிட்’ போய் 3க்கு 4 அணியை நிரப்பி, வெளியே வந்து, மறுபடி ‘மேட்ரிக்ஸ்’, ‘மேத்’ பட்டியலில் அணியை முழுதாகச் சுருக்கித் தரும் ‘ஆர்.ஆர்.இ.எஃப்.’ எடுக்க வேண்டும். மூன்று நொடி வேலை. விடையை வாசிக்கத் தெரிவதில்தான் மதிப்பெண். கடைசி வரிசையில் 0 0 0 1 என்று வந்தால் தீர்வே இல்லை. 0 0 0 0 என்று வந்து மற்றவை ஒத்துப்போனால் முடிவற்ற தீர்வுகள், அப்போது ஒரு மாறியை வைத்து மற்றவற்றை எழுதச் சொல்வார்கள். நம் பழக்கத்தில் ‘இன்ஃபினிட்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவோம், பாதி மதிப்பெண் போய்விடும்.

லீனியர் புரோகிராமிங்கில் (நிபந்தனைகளுக்குள் லாபத்தை உச்சமாகவோ செலவைக் குறைவாகவோ ஆக்கும் கணக்கு) தடுமாற்றம் முழுக்க வாக்கியத்தில்தான். “மேசையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நாற்காலி” என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால், நாற்காலி ≥ 2 × மேசை. வரியில் சொற்கள் வரும் வரிசையிலேயே எழுதப் போனால் 2ஐ நாற்காலிப் பக்கம் வைத்துவிடுவோம். எழுதியதும் எண் போட்டுப் பாருங்கள்: 10 மேசைக்கு 20 நாற்காலி பொருந்த வேண்டும், 5 நாற்காலி பொருந்தக் கூடாது. இரண்டும் பூச்சியத்துக்குக் குறையாது என்ற நிபந்தனைகளையும் எழுதாமல் விட்டால் வரைபடத்தில் விடை இருக்கக்கூடிய பரப்பே மாறிப்போகும்.

நிகழ்தகவில் 52 சீட்டுக் கட்டு தெரிந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். ரம்மி ஆடிய கைகளுக்குப் பிரச்சினை இல்லை. ஆடாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: 4 வகை, வகைக்கு 13, முகச் சீட்டு (ராஜா, ராணி, ஜாக்) 12, ஏஸ் முகச் சீட்டில் சேராது. எதிர்பார்ப்பு மதிப்பில் (சராசரியாகக் கையில் நிற்கும் தொகை) டிக்கெட் விலையைக் கழிக்க மறக்காதீர்கள். 1,000 டிக்கெட், ஒன்று 5 டாலர், ஒரே பரிசு 2,000 டாலர் என்றால் விடை 2 இல்லை, கழித்தல் 3.

பதில் 3:
மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். தேர்வைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

ஆன்லைன் பாடம் என்றால் தேர்வும் வீட்டிலேயே என்று நினைக்க வேண்டாம். சில பிரிவுகளில் கல்லூரியின் டெஸ்டிங் சென்டருக்கு நேரில் போய் எழுத வேண்டும். பதிவு செய்யும் முன் அந்தப் பிரிவின் குறிப்பையும், கிடைத்தால் சிலபஸையும் படியுங்கள். குழந்தை வீட்டில் இருந்தால் உண்மையில் டெஸ்டிங் சென்டரே நல்லது. வீட்டில் கேமரா முன் எழுதும்போது வேறொருவர் குரல் கேட்டாலே மென்பொருள் அதைக் குறித்துவைக்கும், பிறகு ஆசிரியருக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

வீட்டில்தான் எழுத வேண்டுமென்றால் தேர்வு முடியும்வரை வேறெதையும் திறக்கவிடாத லாக்டவுன் பிரவுசர் மாதிரியான மென்பொருளை ஏற்றச் சொல்வார்கள். கணவரின் அலுவலக லேப்டாப்பில் அது ஏறாது, ஏற்றவும் முயலாதீர்கள். லினக்ஸிலும் ஓடாது. குரோம்புக்கில் கல்லூரி அனுமதித்திருந்தால்தான் ஓடும். மாதிரி வினாத்தாள் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதை தேர்வு நாளில் உட்காரப்போகும் அதே மேசையில், அதே வைஃபையில் எழுதிப் பாருங்கள்.

முதல் வாரத்திலேயே சிலபஸ் வினாடி வினாவை முடியுங்கள். தளத்தில் லாகின் செய்தால் மட்டும் வருகை ஆகாது. ஏதாவது ஒரு வேலையைச் சமர்ப்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சென்சஸ் தேதியில் பெயரை எடுத்துவிடக்கூடும். வழக்கமான செமஸ்டரில் அது 12ஆவது வகுப்பு நாள். பாடம் ஒத்துவராது என்று தோன்றினால் அதற்கு முன்பே விலகுங்கள், மதிப்பெண் பட்டியலில் தடம் இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் பட்டியலில் ‘டபிள்யூ’ (விலகியவர் என்ற குறி) விழும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக் காலம் முழுவதற்கும் அப்படி 6 பாடங்கள்தான் விடலாம்.

வீட்டுப்பாடத் தளத்துக்கான அணுகல் குறியீட்டை அவசரப்பட்டு வெளியில் வாங்காதீர்கள். பல கல்லூரிகளில் கட்டணத்தோடே அது சேர்ந்து வரும். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் புத்தகத்தில் உள்ள குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதாக இருக்கும்.

கேள்வி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா எல்லோருக்கும். பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கிறது, விசாவில் முதல் பெயர் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் எப்படிப் போடுவது?

பதில் 3:
நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது, இப்போதே கேட்டது நல்லது. தேர்வறையில் பார்ப்பது ஒன்றுதான்: கையில் இருக்கும் அடையாள அட்டையும் கல்லூரிப் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று. டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தில் என்ன இருக்கிறதோ, அதையே விண்ணப்பத்திலும் டி.எஸ்.ஐ.ஏ. பதிவிலும் போடுங்கள். ஒன்றில் அப்பா பெயரைப் பிரித்துப் போட்டு, இன்னொன்றில் ‘எஃப்.என்.யு.’ என்று விட்டால் இரண்டு மாணவர் எண்கள் உருவாகி, தேர்வு மதிப்பெண் ஒரு எண்ணிலும் வகுப்புப் பதிவு இன்னொரு எண்ணிலும் நின்றுவிடும். கூப்பிடும் பெயரை ‘பிரிஃபர்டு நேம்’ என்ற இடத்தில் போட்டால் வகுப்பில் அதுவே தெரியும். ஏற்கெனவே இரண்டு எண் உருவாகிவிட்டிருந்தால், பாஸ்போர்ட்டோடு அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்குப் போய் இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள், வகுப்புப் பதிவு திறக்கும் முன் முடித்துவிடுங்கள்.