குதிகால் வலிக்கு ஷாக்வேவ்: தீபாவளிக்குள் கால் சரியாகுமா?

கோட்டையூர் பலகாரம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை. உதவிக்கு இரண்டு பேர் இருந்தாலும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது நான்தான். தினமும் ஆறேழு மணி நேரம், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், வெறுங்காலோடு.

எட்டு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்த மாதிரி உயிர் போகிறது. தூணைத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் வளவைத் தாண்டுவேன். இருபது முப்பது அடி நடந்த பிறகு கொஞ்சம் விடும். மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் அதே வலி. ஆத்தா சொன்னபடி செங்கலைச் சூடாக்கி, மேலே எருக்கிலை வைத்து மிதித்தும் பார்த்தேன். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் மாதிரி வளர்ந்திருக்கிறதாம். ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது, பாதி வலி திரும்பிவிட்டது. இப்போது ஒரு கிளினிக்கில், "ஷாக்வேவ் கொடுத்தால் முள் உடைந்து தூளாகிவிடும், பத்து சிட்டிங், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டுங்கள்" என்கிறார்கள். ஷாக் என்றால் கரண்டா? சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், பரவாயில்லையா? ஆடி பிறந்தாச்சு. புரட்டாசிக் கடைசியில் தீபாவளி ஆர்டர் குவிந்துவிடும். அதற்குள் நிற்க முடியுமா?

பள்ளத்தூர் பெரியவர்:

ஆச்சி, கரண்ட் இல்லை, அழுத்த அலைதான், பயப்பட வேண்டாம். எனக்கு சிறுநீரகத்தில் 9 மில்லிமீட்டர் கல் இருந்தது. மதுரையில் இதே வகை அலையை வெளியிலிருந்து செலுத்தித்தான் உடைத்தார்கள். கத்தி படவில்லை. அடுத்த சில நாள் சிறுநீரில் மணல் மாதிரி வந்தது. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படிச் செய்தார்களாம். மெஷினைச் செய்த டோர்னியர், விமானம் கட்டும் கம்பெனி. அந்தக் கால மெஷினில் ஆளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கித்தான் அலையைச் செலுத்துவார்கள். கல்லையே உடைத்தது, முள்ளையும் உடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

காரைக்குடி பிசியோ:

ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும், மன்னிக்கவும். குதிகாலுக்குக் கொடுக்கும் ஷாக்வேவ் முள்ளை உடைக்காது. உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வலியே இல்லாத எத்தனையோ பேர் காலில் அந்த முள் இருக்கிறது. ஆச்சி சொல்லும் அந்த முதல் அடி வலி, பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த சவ்வில் வருவது. பிளான்டர் ஃபேசியைடிஸ் என்போம். மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும் சவ்வை ஷாக்வேவ் தூண்டிவிடுகிறது, வலியையும் மட்டுப்படுத்துகிறது. முள் தூளாகும் என்று சொல்கிற இடத்தில் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். வழக்கமாக வாரம் ஒன்று வீதம் மூன்று சிட்டிங் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்து பார்ப்போம்.

எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம் இருப்பது ரேடியல் மெஷின். கைப்பிடிக்குள் சின்ன உலோகத் துண்டு ஒன்று காற்றழுத்தத்தில் பாய்ந்து முனையில் இடிக்கும். நொடிக்குப் பத்து தடவை அளவில் டக்டக்கென்று. குதிகாலில் ஜெல் தடவி, வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்து அங்கேயே வைப்போம். ஒரு சிட்டிங்குக்கு 2,000 இடி, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வலிக்கும். தாங்கும் அளவுக்குக் குறைத்து ஆரம்பித்து ஏற்றுவோம். நீங்கள் "இங்கேதான்" என்று சொல்வதுதான் எங்களுக்கு வழிகாட்டி.

அதனால்தான் சுகரைப் பற்றிக் கேட்டது நல்லது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அந்த வழிகாட்டி இல்லை. முதலில் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். செங்கல் ஒத்தடத்தை இன்றே நிறுத்துங்கள், ஆச்சி. உணர்ச்சி குறைந்த காலில் சுட்டது தெரியாமல் கொப்புளம் போட்டு, புண்ணாகி வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அதைப் பார்க்கவே மனசு தாங்காது. ஊசி போட்டு ஆறு வாரமாவது ஆகட்டும், அப்புறம் ஷாக்வேவ். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தீபாவளி விஷயம். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். ஆவணியில் ஆரம்பித்தால் ஐப்பசிக்குள் நன்றாகக் குறையலாம், ஆனால் உறுதி கொடுக்க மாட்டேன். எல்லாருக்கும் கேட்பதும் இல்லை. அதே கல்தரையில் அதே ஆறு மணி நேரம் வெறுங்காலோடு நின்றால் எந்த மெஷினும் ஈடு கொடுக்காது. அடுப்படிக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று தனியாக வாங்குங்கள். வெளியே போடவே வேண்டாம். காலையில் இறங்கும் முன் கட்டிலிலேயே விரல்களை முகத்தைப் பார்த்து மடக்கி, பத்து எண்ணும்வரை இழுத்துப் பிடியுங்கள், பத்து தடவை. பகலில் வளவுத் தூணில் இரண்டு கையையும் ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைச்சதையை இழுங்கள்.

தேவகோட்டை டீச்சர்:

எனக்கு மூன்று சிட்டிங் ஆனது. முதல் சிட்டிங் முடிந்து இரண்டு நாள் வலி கூடி, ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பிரேயரில் நின்றுகொண்டிருந்தபோதுதான், இன்று காலை குதிகால் ஞாபகமே வரவில்லையே என்று தோன்றியது. மெல்லத்தான் விடும், அக்கா.

கோட்டையூர் பலகாரம்:

புரட்டாசி பிறந்தாச்சு, வந்து சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. சோதனையில் உணர்ச்சி நன்றாக இருந்தது. வேறு இடத்தில் மூன்று சிட்டிங்கும் ஆகிவிட்டது. முதல் தடவை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மூன்றாம் தடவை பேசிக்கொண்டே இருந்தேன். அடுப்படியில் செருப்பா என்று ஆத்தா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அவர்களே கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டியை ஒரு மணி நேரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்கிறோம், என் முறை முடிந்ததும் உட்கார்ந்து சீடைக்கு மாவு உருட்டுகிறேன். தீபாவளிக்கு இந்த வருஷம் அதிரசம் பாதி அளவுதான் ஒத்துக்கொண்டிருக்கிறேன். வலி போய்விடவில்லை, தம்பி. ஆனால் இன்று காலை முதல் தூணை மட்டும்தான் பிடித்தேன்.