கலைச்சொல்: ‘பஃபர் ஸ்டாக் சேவிங்’ – தாங்கல் சேமிப்பு?

வணக்கம். நம் பொருளியல் கலைச்சொல் பட்டியலுக்காக ‘பஃபர் ஸ்டாக் சேவிங்’ என்பதற்குத் தமிழ் தேடுகிறோம். அதுபற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> முன்னெச்சரிக்கைச் சேமிப்பு என்றே இருக்கட்டுமே, புதிதாக எதற்கு?

அந்தச் சொல் வேறு இடத்துக்கு வேண்டும். நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஒதுக்குகிற பணம் எல்லாமே முன்னெச்சரிக்கைச் சேமிப்புதான். 1936-ல் பொருளியலாளர் கெய்ன்ஸ் சேமிப்பின் நோக்கங்களை அடுக்கியபோது முதலில் வைத்ததும் அதையே. நாம் பெயர் தேடுவது அதற்குள் இருக்கும் ஒரு தனிப் போக்குக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் கரோல் 1992, 1997 கட்டுரைகளில் விளக்கிய போக்கு அது.

அவர் காட்டும் குடும்பத்துக்குப் பொறுமை குறைவு. கையில் காசு இருந்தால் செலவாகிவிடும். கூடவே பயமும் உண்டு, வேலை போனால் என்ன செய்வது என்று. இரண்டும் சரிக்குச் சரி நிற்கும் இடத்தில் ஓர் இருப்பு மட்டம் உருவாகிறது. இத்தனை ரூபாய் என்றல்ல, வருமானத்தில் இத்தனை பங்கு என்று. இருப்பு அதற்குக் கீழே போனால் பயம் ஜெயிக்கும், சேர்ப்பார்கள். மேலே போனால் செலவு ஜெயிக்கும்.

குடியாத்தத்தில் பீடி சுற்றிய என் அத்தைக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. சனிக்கிழமை பட்டுவாடா ஆனதும் கொஞ்சம் அரிசிப்பானைக்குள் போகும். பானைக்குள் மூன்று வாரக் கூலி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் சட்டம். மாமாவுக்குக் காய்ச்சல் வந்து பானை காலியானால் ஞாயிற்றுக்கிழமை மீன் நின்றுவிடும். நான்காவது வாரக் கூலியும் சேர்ந்துவிட்டால் பேத்திக்குப் பாவாடைத் துணி வரும். கூலி ஏறியபோது பானைத் தொகையும் ஏறியது. ‘மூன்று வாரம்’ மாறவில்லை.

> கணினியில் பஃபர் என்பது இடையகம். இடையகச் சேமிப்பு?

மன்னிக்கவும், வங்கிக் கிளையின் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. ‘சிறுவாடு’ என்றார் ஆம்பூர் அக்கா. அருமையான சொல்தான். ஆனால் அதில் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒளிப்பது முக்கியம். இங்கே ஒளிவுமறைவுக்கு வேலையில்லை.

என் முன்மொழிவு: தாங்கல் சேமிப்பு. பள்ளி வேதியியலில் ஏற்கெனவே ‘தாங்கல் கரைசல்’ இருக்கிறது, ஆகவே பஃபருக்கு இது புதுச்சொல் இல்லை. அதைவிட, நம் தொண்டை நாட்டுப் பக்கம் தாங்கல் என்றால் ஏரியைவிடச் சிறிய பாசன நீர்நிலை. வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் அப்படி வந்த பெயர்கள்தான். எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு. தண்ணீர் இறங்கினால் மதகை அடைப்பார்கள். நிரம்பினால் கோடி போகும், அதாவது மிகுந்த தண்ணீர் கரையோரத்துக் கலங்கல் வழியாக வெளியேறும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அது கோடி போனதைப் பார்க்க ஊரே கரையில் நின்றது.

> தாங்கல் என்றால் மனத்தாங்கல் நினைவுக்கு வருகிறதே?

வரும். சேமிப்பைப் பற்றிப் பேசினால் வீட்டில் அதுவும் வரத்தான் செய்கிறது!

இந்தச் சொல் நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரளவுப் பொருளியலுக்கும் நீள்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஏரிகள் சங்கிலியாக இருப்பவை. மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். அதுபோல ஒரு வீட்டின் செலவு இன்னொரு வீட்டின் வருமானம். வேலை போய்விடும் என்ற பயம் பரவும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் கோடியை ஒரு முழம் உயர்த்திக் கட்டுகிறார்கள். யாருடைய வேலையும் இன்னும் போகவில்லை, ஆனாலும் கீழே வரத்து குறைகிறது. பயத்துக்கும் நுகர்வுக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் கரோல் 1992 கட்டுரையில் ஆராய்ந்தார். அத்தை மீனை நிறுத்தினால் மீன்காரம்மாவின் பானை இறங்கும் அல்லவா?

புணர்ச்சி பற்றி ஒரு வார்த்தை. தாங்கற்சேமிப்பு என்று எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். இலக்கணப்படி சரிதான், ஆனால் அப்படி எழுதினால் தாங்கல் காணாமல் போகிறது. ‘தாங்கல் கரைசல்’ போலப் பிரித்தே எழுதுவோம்.

அத்தையின் ‘மூன்று வாரம்’ போன்ற இலக்கு அளவுக்குத் ‘தாங்கல் மட்டம்’ என்று வைத்திருக்கிறேன், மனசு முழுசாக ஒப்பவில்லை. குடியாத்தம் நண்பரே, உங்கள் தெருவில் லுங்கித் தறிக்காரர்கள் ‘இவ்வளவாவது கையில் இருக்கணும்’ என்பதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்த வரியைப் பட்டியலில் ஏற்றாமல் வைக்கிறேன்.