ட்வார்ஃப் தவளைக்கு எந்த ஃபில்டர்?

40 லிட்டர் டேங்க்ல ரெண்டு ஆப்பிரிக்கன் ட்வார்ஃப் தவளை விடலாம்னு இருக்கேன், கடைக்காரர் ஹேங் ஆன் ஃபில்டர் (டேங்க் விளிம்புல மாட்டுறது) போடச் சொல்றார், ஆனா தண்ணி வேகமா விழுமே, அதுங்களுக்கு ஒத்துக்குமா?

பதில்: வேணாங்க, ஏர் பம்ப்போட ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க. இதுங்களுக்கு நுரையீரல்தான், அடிக்கடி விருட்டுனு மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டு கீழ போயிடும், தண்ணி இழுத்துட்டே இருந்தா பாவம் களைச்சுப்போயிடும்.

இன்னொரு பதில்: மூடி கட்டாயம், தாவிடும். குழாய்த் தண்ணின்னா ஆன்டி குளோரின் (குளோரினைப் போக்குற மருந்து) விடாம ஊத்தாதீங்க, தவளை குளோரினைத் தோல் வழியா உறிஞ்சிக்கும். டேங்க் சைக்கிள் ஆக, அதாவது கழிவை மாத்துற நல்ல பாக்டீரியா ஃபில்டர்ல வளர, சில வாரம் பிடிக்கும், டெஸ்ட்ல கழிவு நச்சான அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 காட்டினப்புறம் தவளையை வாங்குங்க.

கீழே கூழாங்கல் போடலாமா?

பதில்: பொடிக்கல்லு வேணாங்க, தீனியாப் போடுற புழுவோட சேர்த்து முழுங்கிடும். நைஸ் மணல் போதும். ஸ்பாஞ்சை டேங்க்ல எடுத்த தண்ணியிலயே பிழிஞ்சு கழுவுங்க, குழாய்ல கழுவினா நல்ல பாக்டீரியா செத்துடும்.