வெளிநாட்டுல இருக்கவன் ஊர்ப் பட்டியல்ல பேரை வச்சுக்கலாமா, எடுத்துறணுமா?

உசிலைப்பய:
எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரு நமக்கு, ஷார்ஜால பதினோரு வருசமா ஏசி மெக்கானிக். சந்தேகம்னு கூட சொல்ல முடியாது, மனசுக்குள்ள ஒரு உறுத்தல்.

2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் திருத்தம்னு வீட்டுக்கு வீடு ஃபார்ம் குடுத்தாய்ங்கல்ல, என் ஃபார்மையும் சேத்து வாங்கி அப்பாவே கையெழுத்துப் போட்டு குடுத்துட்டாரு, "மகன் வேலைக்கு வெளிய போயிருக்கான், வந்துருவான்"னு. பி.எல்.ஓ.வா, அதாவது பூத்துக்குப் பட்டியல் பாக்குற ஆளா, வந்தது தெரிஞ்ச அங்கன்வாடி அக்கா, அதுவும் ஒண்ணும் கேக்கல. டிசம்பர் 19 வந்த வரைவுப் பட்டியல்ல தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேரு போயிருச்சு, என் பேரு மட்டும் ஜம்முன்னு உக்காந்திருக்கு. நான் கடைசியா ஓட்டுப் போட்டது 2014ல.

அப்பாவுக்கு ஏன் இம்புட்டு அக்கறைன்னா, எலெக்சன் நேரத்துல தெருவுக்கு ஒருத்தன் நோட்டோட வருவான், வீட்டுல எத்தன ஓட்டுன்னு எண்ணிட்டுப் போவான், பட்டியல்ல இருக்க பேருக்குத்தான் துட்டு, ஆளு ஊர்ல இருக்கானா இல்லையான்னு எல்லாம் கேக்குறதில்ல. நான் இங்க வெயில்ல மொட்டமாடில கம்ப்ரசர் தூக்கிட்டு இருக்கேன், அங்க என் ஓட்டுக்கு கவர் வந்து அம்மா வீட்டு மிக்ஸி ரிப்பேருக்குப் போயிருச்சு. கேட்டா சிரிக்கிறாங்க.

இதுல ஊர் வாட்ஸப் குரூப்ல ஏதாச்சும் பேசுனா மச்சான் முறை ஒருத்தன், "நீ ஓட்டும் போடல வரியும் கட்டல, ஒனக்கு எதுக்கு இந்தப் பேச்சு"ங்கிறான். வீட்டு வரி யாருடா கட்டுறா, ஊர்க் கோயிலு மண்டபத்துக்கு யாரு குடுத்தான்னு கேக்க வாய் வரை வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். பேரை அப்படியே வச்சுக்கவா, இல்ல வெளிநாட்டுல இருக்கவங்க பேரு சேக்குறதுக்கு 6ஏ ஃபார்ம்னு சொல்றாய்ங்களே அதப் போடவா? அத விட, அவன் கேட்டதுல நியாயம் இருக்கா?

தல்லாகுளத்தான்:
தம்பி, நான் சிங்கப்பூர்ல இருக்கேன், நிரந்தரமா தங்குற பிஆர் தான், இந்திய பாஸ்போர்ட்டை விடல. 6ஏ போட்டு ஓட்டும் போட்டவன்ங்கிறதால சொல்றேன்.

வெளிநாட்டுல குடியிருக்கவனுக்கு சாதாரண பட்டியல்ல இடமில்ல. அதுக்குத்தான் 2010ல சட்டத்தத் திருத்தி 20ஏ னு ஒரு பிரிவு கொண்டு வந்தாய்ங்க, 2011ல இருந்து நடைமுறை. பாஸ்போர்ட்ல எந்த ஊரு விலாசம் இருக்கோ அந்தத் தொகுதில பேரு சேரும், ஆன்லைன்லயே போடலாம், போட்டோ, பாஸ்போர்ட் பக்கம், விசா பக்கம் வேணும், பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. பழைய வோட்டர் ஐடிய திருப்பிக் குடுத்துறணும், புதுசா கார்டு எல்லாம் தரமாட்டாங்க. ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட நேர்ல பூத்துக்கு வந்தாத்தான் ஓட்டு. தெரிஞ்சே பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு, அப்பாகிட்ட பதமா சொல்லுங்க, பயமுறுத்தாதீங்க.

2019ல தான் கூத்து. ஏப்ரல் 18 ஓட்டுன்னு அறிவிச்சாய்ங்க, அன்னைக்கு மீனாச்சிக்குத் தேரு, சாயங்காலம் அழகருக்கு எதிர்சேவை, மறுநா ஆத்துல இறங்குறாரு. ஊரே கத்தவும் மதுரைக்கு மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஓட்டுப் போடலாம்னு நேரம் நீட்டுனாங்க. நான் எப்பிடியும் திருவிழாவுக்கு லீவு போட்டு வர்றவன், ஒரே டிக்கெட்ல ரெண்டும் முடிஞ்சுது. காலைல மாசி வீதில தேரப் பாத்துட்டு பூத்துக்குப் போனா அங்க இருந்த ஆபீசருக்கு என் பாஸ்போர்ட்ட என்ன செய்றதுன்னே தெரியல, லிஸ்ட்ல மேலயும் கீழயும் தேடுறாரு. எங்க பேரெல்லாம் பட்டியல் கடைசில தனியா இருக்கும், அத நான் தான் எடுத்துக் காமிச்சேன். பின்னால நின்ன கிழவி "வெள்ளைக்காரனா இருப்பானோ"ன்னுச்சு, நான் நம்ம கருப்பணசாமி கலரு.

மேலூரான் ரியாத்:
அண்ணன் சொன்னது சட்டம் சரி. ஆனா லீவு குடுக்க சிங்கப்பூர் கம்பெனி மாதிரி எல்லா எடத்துலயும் குடுப்பாய்ங்களா? எனக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தான் லீவு, அதுவும் முதலாளி சொல்ற தேதில. ஓட்டுக்குன்னு வந்தா டிக்கெட்டுக்கே ரெண்டு மாச மிச்சம் போயிரும். 2024ல நாடு முழுக்க 1,19,374 பேரு வெளிநாட்டு வாக்காளரா பதிஞ்சிருந்தாய்ங்க, போட்டது 2,958 பேரு, அதுலயும் 2,670 கேரளாக்காரன். அவன் சங்கம் வச்சு கூட்டமா டிக்கெட் போட்டு வர்றான், நம்மாளு நாலு பேரு சேந்து ரூம் எடுத்தாலே அதுல மூணு கட்சி.

பட்டாளத்துல இருக்க என் சித்தப்பா மகனுக்கு தபால் ஓட்டு கம்ப்யூட்டர்ல வருது, பிரிண்ட் எடுத்து போட்டு அனுப்புறான். நமக்கு ஏன் முடியாது? ஊர்ல இருக்க ஒருத்தர் நம்ம சார்பா போடலாம்னு 2018ல மக்களவைல ஒரு மசோதாவும் பாஸ் ஆச்சு, மாநிலங்களவைல பாஸ் ஆகுறதுக்குள்ள மக்களவைக் காலம் முடிஞ்சு காலாவதி. நல்லதுக்குத்தான்னு வைங்க. நம்ம ஊர்ல சார்பா போடுறதுன்னா யாரு போடுவா, அப்பா தான். அவருக்கு ஏற்கனவே கவர் வந்திருச்சு. 2009 இடைத்தேர்தல்ல இருந்து திருமங்கலம் பேருலயே ஓட்டுக்குத் துட்டுன்னு ஒரு ஃபார்முலா ஓடுது, அதுக்குப் பக்கத்து ஊருக்காரன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல.

உன் பேரு அங்க இருந்துட்டுப் போகட்டும் மாப்ள, எவனும் தேடி வரப் போறதில்ல.

கருமாத்தூர்க்காரி:
தேடி வரமாட்டாங்க, சரி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வராத ஆளு பேரை எல்லாம் டிக் பண்ணி வச்சுக்கிட்டு எவனாச்சும் போய் போட்டான்னா? நீங்க அன்னைக்கே வந்து நின்னா, ஒங்க ஓட்ட வேற எவனோ போட்டுட்டாலும் டெண்டர் ஓட்டுன்னு தனியா ஒரு சீட்டு தருவாங்க, ஷார்ஜால இருந்தா தெரியவே தெரியாது. பேரை அப்படியே வச்சுருக்க சொல்ற அண்ணனுக்கு இது.

கேள்வி கேட்ட அண்ணனுக்கு: நான் ஊர்லயே இருக்கேன், அதனால கொஞ்சம் காரமா தான் வரும். எங்க குரூப்ல அட்மின் நாலு பேரும் வெளிநாடு. டெல்லில யாரு, கோட்டைல யாருன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை. 2025 ஜனவரியோட ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு, தெருவிளக்கு எரியலன்னா சொல்றதுக்கு ஊர்ல ஒரு ஆளு இல்ல, அதப் பத்தி ஒருத்தர் ஒரு மெசேஜ் போட்டீங்களா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல பத்து வருசம் பஞ்சாயத்து எலெக்சனே நடக்க விடாம வச்சிருந்து, தலித் ஒருத்தர் தலைவரா உக்காரக் கூடாதுன்னு, 2006ல தான் நடந்துச்சு. அந்த மண்ணுல இருந்துக்கிட்டு ஓட்டுன்னா எம்.எல்.ஏ. எம்.பி. மட்டும்னு நெனக்கிறோம்.

58 கிராமக் கால்வாய்ல தண்ணி வரலன்னா நாத்து காயிறது எங்களுக்கு, ஒங்களுக்கு இல்ல. அதுக்காக பேசாதீங்கன்னு சொல்லல. பேசுங்க, எங்ககிட்ட கேட்டுட்டு பேசுங்க. துட்டு அனுப்புறவங்கங்கிறதால யாருக்குப் போடணும்னு வீட்டுப் பொம்பளைகளுக்கு போன்ல ஆர்டர் போடுறது இருக்கு பாருங்க, அது எனக்கு கவர் குடுக்குறவன விட எரிச்சல். அவனாவது துட்டக் குடுத்துட்டு கேக்குறான்.

பழைய விளாங்குடி:
எனக்கு அமெரிக்க பாஸ்போர்ட், வேற நாட்டுக் குடிமகனா ஆன நம்மாளுக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு. ஓசிஐக்கு ஓட்டு கெடையாது, எந்த ஃபார்மும் கெடையாது. 6ஏ போட முடியிற நெலமைல இருக்கவங்க ரொம்ப யோசிக்காதீங்க, அவ்வளவு தான் சொல்லத் தெரியுது.

உசிலைப்பய:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு, போன்ல ஆர்டர் போட்டவன்ல நானும் ஒருத்தன், 2021ல என் வீட்டுக்காரிகிட்ட. அவ யாருக்குப் போட்டான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல, இப்ப தான் ஏன்னு புரியுது.

6ஏ போடப் போறேன். அடுத்த எலெக்சனுக்கு வர முடியுமான்னு தெரியல, எங்களுக்கு எம்.பி. தொகுதி தேனி வேற, அந்த ஓட்டுக்கு லீவு கேட்டா மேனேஜர் மேப்பை எடுப்பான். ஆனா என் பேருல கவர் போறது நிக்கணும்.

நேத்து ராத்திரி அப்பாகிட்ட சொல்லிட்டேன், பழைய பட்டியல்ல இருந்து பேரை எடுத்துறலாம்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தடவ ஹலோ சொன்னேன். அப்புறம் தான், "ஒன் இஷ்டம்ப்பா, ஆனா ரேசன் கார்டுல இருந்து எடுத்துறாத"ன்னாரு.