பாய்மரத்தடியில் டெக் அமுங்குகிறது: எபாக்சி ஊசி போட்டால் போதுமா, திறக்கத்தான் வேண்டுமா?

புதுப்பாய்:
16 அடி பழைய ஃபைபர் படகு. முன்னால் சின்னக் கேபின். பாய்மரம் டெக்கின் (படகின் மேல்தளம்) மேலேயே நிற்கிறது, அதற்கு நேர் கீழே கேபினுக்குள் ஒரு மர முட்டுத்தூண். டெக் மேலே 3 மி.மீ. ஃபைபர், நடுவில் 10 மி.மீ. பால்சா (இலேசான மரம்), கீழே 2 மி.மீ. ஃபைபர்.

மாஸ்ட் ஸ்டெப், அதாவது பாய்மரத்தின் அடி உட்காரும் தாங்கி, அதைச் சுற்றி கால் வைத்தால் அமுங்குகிறது. அழுத்தும்போது ஸ்டெப்பின் பின்பக்க போல்ட் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிகிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பிகளை இறுக்கினால் ஒரே நாளில் தளர்ந்துவிடுகின்றன. உள்ளே, அந்தக் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் உலோகப் பட்டைகளான இரண்டு செயின்பிளேட்டுக்குக் கீழேயும் துருக்கோடு இறங்கியிருக்கிறது. போல்ட்டை இறுக்கியாயிற்று, சுற்றிலும் சிலிகான் பூசியாயிற்று, பலனில்லை.

மேலே 5 மி.மீ. துளைகள் வரிசையாகப் போட்டு, நீர்த்த எபாக்சியை (ஹார்டனர் என்ற இறுக்கும் பாகத்தோடு கலக்கும் பசை ரெசின்) ஊசியில் ஏற்றலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

வங்கு:
முதலில் பாய்மரத்தை இறக்குங்கள். அது நிற்கும்போது எந்த அளவும் பொய்.

பிறகு மூன்று வேலை. ஒன்று, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டெக் முழுக்க 5 செ.மீ.க்கு ஒரு தட்டு. நல்ல இடம் 'டக்' என்று பதில் சொல்லும், கெட்ட இடம் 'தொப்' என்று விழுங்கும். எல்லையை பென்சிலால் வரையுங்கள். ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். உப்புப் படிந்த டெக்கிலும், கீழே உலோகம் இருக்கும் இடத்திலும் அது தப்பாகக் காட்டும்.

இரண்டு, கேபினுக்குள்ளிருந்து மேல்நோக்கி 4 மி.மீ. துளைகள். பிட்டில் 8 மி.மீ. தள்ளி டேப் சுற்றிக்கொள்ளுங்கள், மேல் தோல் (மேல் ஃபைபர் அடுக்கு) தப்பிக்கும். வெளியே வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் சரி. பழுப்பாகக் கையில் ஒட்டினால் பால்சா போயிற்று.

மூன்றாவதுதான் முக்கியம். நேரான அலுமினியப் பட்டையை டெக்கின் மேல் குறுக்கே வைத்து, ஸ்டெப் இருக்கும் இடம் எத்தனை மி.மீ. பள்ளம் என்று அளங்கள். அதே இடத்தைக் கேபின் பக்கம், கூரையிலும் அளங்கள். இரண்டு எண்ணும் வேண்டும்.

புதுப்பாய்:
மேலே 6 மி.மீ. பள்ளம். கீழே கூரை 2 மி.மீ. இறங்கியிருக்கிறது. 'தொப்' கேட்கும் பகுதி ஏறக்குறைய 600 × 700 மி.மீ. அதற்குள் போட்ட ஏழு துளையில் ஐந்தில் கருப்புச் சகதி, இரண்டில் ஈரம்.

வங்கு:
அப்படியானால் இரண்டு நோய். கூரை 2 மி.மீ. இறங்கியது என்றால் முட்டுத்தூண் இறங்கியிருக்கிறது. மீதி 4 மி.மீ. பால்சா நசுங்கியது. டெக்கை மட்டும் செய்தால் அடுத்த பருவத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். தூணின் அடியில், படகின் தரையில் இருக்கும் மரக்கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

புதுப்பாய்:
15 மி.மீ. சுலபமாக இறங்குகிறது அண்ணே. கட்டையின் மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே பஞ்சு.

உப்புத்தாள்:
ஊசி யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். பால்சாவின் நார் தோலுக்குச் செங்குத்தாக நிற்கிறது. அழுகி, நீரில் ஊறிய நாருக்குள் எபாக்சி போக இடமில்லை. அது தோலுக்கும் சகதிக்கும் இடையில் கிடைத்த வெற்றிடத்தில் மட்டும் ஓடி உறையும். காலால் தட்டினால் கெட்டியாகத் தெரியும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் மேல் தோலையும் கீழ் தோலையும் ஒன்றாக இயங்கவைக்கும் பிடிப்பு திரும்ப வந்திருக்காது. ஈரமும் உள்ளே பூட்டப்பட்டுவிடும். பிறகு அறுக்கும்போது இரட்டை வேலை.

நங்கூரன்:
ஒரு திருத்தம். ஊசி முறை எப்போதும் தப்பு என்று சொல்ல முடியாது. பால்சா உலர்ந்து நன்றாக இருந்து, தோல் மட்டும் பிரிந்திருந்தால் அது வேலை செய்யும். துளையில் வெளிறிய தூள் வந்து, தட்டினால் மட்டும் 'தொப்' கேட்கும் இடங்கள் அந்த ரகம். இவர் படகில் சகதி வருகிறது, ஆகவே திறப்பதுதான் வழி.

உப்புத்தாள்:
சரி, ஒப்புக்கொள்கிறேன்.

இனி வேலை வரிசை. டிரெய்லரில் படகு முறுக்கின்றி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அணியத்திலும் (முன்முனை) பின்புறத்திலும் குறுக்கே மட்டப்பலகை வைத்தால் இரண்டிலும் குமிழி ஒரே மாதிரி நிற்க வேண்டும். டெக்கின் ஒரு பகுதியை அறுத்த பிறகு படகு எந்த வடிவத்தில் நிற்கிறதோ, புது எபாக்சி அதே வடிவத்தில்தான் அதைப் பூட்டும்.

தூண் முதலில், டெக் பிறகு. காரணம்: புது உள்ளடுக்கை ஒட்டும்போது கீழ் தோல் சரியான உயரத்தில் தாங்கப்பட வேண்டும். தாங்கப்போவது அந்தத் தூண்தான்.

தூணுக்குப் பக்கத்தில் கார் ஜாக் ஒன்று வையுங்கள். மேலும் கீழும் 18 மி.மீ. பிளைவுட் துண்டு, குறைந்தது 200 × 200. கால் சுற்று ஏற்றுவது, சற்று விட்டுப் பார்ப்பது, மீண்டும் கால் சுற்று. கூரையின் 2 மி.மீ. பள்ளம் பூஜ்யமானதும் நிறுத்துங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். பழைய கட்டையைச் சுரண்டி எடுத்து, தரையை வெறும் ஃபைபர் தெரியும்வரை தேய்த்து, கெட்டியான மரக்கட்டையை மூன்று கோட் எபாக்சியில் மூடி வையுங்கள். வெட்டுமுகங்கள் நிறையக் குடிக்கும், அங்கே இன்னொரு கோட். கட்டையின் அடிப்பரப்பு தூணின் அடியைவிட மூன்று மடங்காவது அகலமாக இருக்கட்டும், ஓரங்களில் எபாக்சி ஃபில்லட் (மூலையை வளைவாக நிரப்பும் பட்டை) இழுத்து இரண்டு அடுக்கு பயாக்சியல் துணி (இரு திசையில் நூல் ஓடும் கண்ணாடியிழைத் துணி). கட்டைக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்காமல் ஓட வழி விடுங்கள். பழைய கட்டை அழுகியதற்கு அது ஒரு குட்டைக்குள் நின்றதே காரணமாக இருக்கும்.

வங்கு:
டெக்கை மேலிருந்து திறப்பதா கீழிருந்தா என்று கேட்பீர்கள். கீழிருந்து செய்தால் வழுக்காத டிசைன் தப்பிக்கும். ஆனால் 16 அடிக் கேபினில் மல்லாந்து படுத்து, முகத்தில் சொட்டும் எபாக்சியோடு உள்ளடுக்கை மேலே ஒட்டிப் பிடிக்க வேண்டும். மேலிருந்தே செய்யுங்கள். டிசைனைப் பிறகு பெயின்ட்டில் கொண்டுவரலாம்.

ஸ்டெப்பைக் கழற்றுங்கள். சிலிகான் பூசிய இடம் முழுவதையும் பிளேடால் சுரண்டி, கரைப்பானால் துடைத்து, அதன் பிறகுதான் உப்புத்தாளால் தேய்ப்பது. தலைகீழாகச் செய்தால் சிலிகானை ஃபைபர் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். அப்புறம் அங்கே எதுவும் ஒட்டாது.

வட்ட ரம்பத்தின் ஆழத்தை 3 மி.மீ.யில் வைத்து மேல் தோலை மட்டும் அறுங்கள். மூலைகளை வளைவாக விடுங்கள். கோடு, டெக் வளையும் ஓரங்களிலிருந்து 50 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். பின்னால் வெட்டுக்கோட்டில் சரிவு தேய்க்கச் சமதளம் வேண்டும். தூசிக்கு நல்ல வடிகட்டி முகமூடி, நீளக் கை, கண்ணாடி. தோலைக் கழற்றும் முன் அதன் மேல் அணியப் பக்கம் எது என்று அம்பு போடுங்கள், திரும்ப அதே தோல்தான் ஒட்டப்போகிறது.

உளியால் பால்சாவை எடுத்துக்கொண்டே போங்கள். வெளிறிய, உலர்ந்த மரம் வந்த பிறகும் 50 மி.மீ. கூடுதலாக எடுங்கள். கீழ் தோலை 60 அல்லது 80 எண் தாளால் தேய்த்து, மின்விசிறி வைத்துப் பல நாள் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் பனித்திருந்தால் இன்னும் இல்லை.

உப்புத்தாள்:
ஒட்டும் கட்டம். ஸ்டெப்புக்குக் கீழே 250 × 250 இடத்தில் பால்சா வேண்டாம். அங்கே அழுத்தம் முழுக்கச் செங்குத்து. 10 மி.மீ. மரைன் பிளைவுட் வையுங்கள்; 9 தான் கிடைத்தால் பசையைச் சற்றுக் கூட்டுங்கள். மற்ற இடத்தில் பால்சாவோ, மூடிய அறைகள் கொண்ட பி.வி.சி. ஃபோமோ.

துண்டுகளை உலர்வாகப் பொருத்திப் பார்த்து, 75 மி.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள், காற்று வெளியேற. பிறகு கீழ் தோலிலும் துண்டுகளின் எல்லாப் பக்கத்திலும் ஹார்டனர் மட்டும் கலந்த, தூள் சேர்க்காத எபாக்சி பூச்சு. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே, சிலிக்கா தூள் சேர்த்துப் பற்பசைப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியைப் பல்லுள்ள கரண்டியால் இழுத்து, துண்டுகளைப் பதியுங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் பசை புழுப்போல் எட்டிப் பார்க்க வேண்டும். வராத துளைக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது. தூக்கி, பசை வைத்து, மறுபடி பதியுங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து மணல் மூட்டைகள்.

அளவு: பரப்பு 0.42 ச.மீ. பசை சராசரி 2 மி.மீ. என்றால் கீழே 0.84 லிட்டர், மேல் தோலை ஒட்ட இன்னொரு 0.84. பூச்சுக்கும், ஓரத்துத் துணிக்கும், நிரப்பவும் முக்கால் லிட்டர். மூன்று லிட்டர் வாங்கினால் நடுவில் தீராது. ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றுங்கள். டப்பாவிலேயே விட்டால் சூடேறிப் புகையும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் ரெசின் பழக்கம். எபாக்சியில் விகிதம் தப்பினால் அது எப்போதும் முழுதாக இறுகாது.

மேல் தோலை ஒட்டியபின் வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் 12-க்கு 1 சரிவு: 3 மி.மீ. தோலுக்குப் பக்கத்துக்கு 36 மி.மீ. அதில் 450 கிராம் பயாக்சியல் துணி ஆறு அடுக்கு. 75 மி.மீ. அகலத் துண்டு முதலில், ஒவ்வொன்றும் 10 குறைத்து மேலே மேலே. அகலமானது அடியில் இருந்தால், மட்டம் தேய்க்கும்போது அறுபடுவது சின்னத் துண்டின் ஓரம்தான்.

புதுப்பாய்:
கையில் பாலியெஸ்டர் ரெசினும் சாப்டு மேட்டும் (நறுக்கிய கண்ணாடி நூல் விரிப்பு) நிறைய இருக்கின்றன. படகே பாலியெஸ்டரில் செய்ததுதானே, அதையே பயன்படுத்தலாமா?

நங்கூரன்:
புது அச்சில் படகு வார்க்கும்போது அடுக்குகள் பச்சையாக ஒன்றோடொன்று சேர்கின்றன. உங்கள் படகின் தோல் எப்போதோ இறுகி முடிந்தது. அதன் மேல் இனி கிடைப்பது பசைப்பிடிப்பு மட்டும். அதில் எபாக்சிதான் கெட்டி. மேட்டை எபாக்சியோடு சேர்க்கவும் வேண்டாம். அதன் நூல்களைப் பிடித்திருக்கும் பைண்டர் பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபாக்சியில் கரையாமல் மேட் விறைத்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று: இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரலாம். அடுத்த வேலைக்கு முன் வெறும் தண்ணீரும் நார் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் தாள் உடனே அடைத்துக்கொள்ளும், பெயின்ட்டும் பின்னால் உரியும். மேலே ஜெல்கோட்டுக்குப் (ஃபைபர் படகின் வழக்கமான மேல்பூச்சு) பதில் இரட்டைக் கலவை பாலியூரித்தேன் பெயின்ட். வெயிலில் திறந்த எபாக்சி நிற்காது.

வங்கு:
தண்ணீர் வந்த வழியை யாரும் இன்னும் அடைக்கவில்லை. ஸ்டெப்பின் 6 மி.மீ. போல்ட் துளைகளை 12-க்குப் பெரிதாக்கி, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் 6 துளை போடுங்கள். இனி ஒழுகினாலும் தண்ணீர் தொடுவது எபாக்சியை, மரத்தை அல்ல. துளையின் மேல்வாயை லேசாகக் கிண்ணம்போல் சரித்து, பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் அடைப்பு நாடா) சுற்றிய போல்ட்டை இறக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் நகரும். மூன்று நாளில் மூன்று தடவை, போல்ட் தலை சுழலாமல் நட்டை மட்டும்.

செயின்பிளேட் டெக்கைக் கடக்கும் பிளவுகளுக்கும் அதே வைத்தியம்: சுற்றிலும் 10 மி.மீ. பால்சாவைத் தோண்டி எடுத்து எபாக்சி, அதில் மறுபடி பிளவு. ஆனால் துருக்கோடு என்றீர்களே, பிளேட்டுகளை வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது காற்றுப்பட்டு உருவாகும் மெல்லிய படலம். டெக்கின் தடிமனுக்குள், ஈரத்தில், காற்றில்லாமல் மாட்டிய அந்த ஒன்றரை செ.மீ.யில் அது அழிந்து ஊசிக்குழிகள் விழும். மேலேயும் கீழேயும் கண்ணாடிபோல மின்னும், நடுவில் பாதி தின்றிருக்கும். பளபளப்பாகத் தேய்த்து, வெடிப்புக்குள் ஊறிச் சிவப்பாகக் காட்டும் சாய ஊடுருவல் சோதனைப் பொருளைப் பூசிப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் வெல்டிங் எல்லாம் வேண்டாம், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிது. போல்ட்டுகளும்தான்.

புதுப்பாய்:
எடுத்தேன். இடது பிளேட்டில் டெக் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு. வலது சுத்தம்.

வங்கு:
இரண்டையும் மாற்றுங்கள். ஒரே வயது, ஒரே ஈரம்.

நங்கூரன்:
பாய்மரம் தரையில் கிடக்கும்போதே அதன் அடியைப் பாருங்கள். அலுமினியக் குழாய் ஸ்டீல் ஸ்டெப்பில் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் உலோகம் கரைகிறது என்று பொருள். பொடியைச் சுரண்டி, இரண்டுக்கும் இடையில் பிளாஸ்டிக் தகடோ காப்புப் பசையோ வையுங்கள். குழாயின் அடியில் வடிகால் இல்லையென்றால் பின்பக்கம் 6 மி.மீ. துளை ஒன்று. மழைநீர் பாய்மரக் குழாய்க்குள் இறங்கி ஸ்டெப்பில் தேங்கிப் போல்ட் வழியே போயிருக்கவும் வாய்ப்புண்டு. கசிந்தது பின்பக்கப் போல்ட் என்றீர்களே, பாய்மரம் பின்னால் சாய்ந்து நிற்கும் படகில் தண்ணீர் சேருவது அங்கேதான்.

புதுப்பாய்:
வடிகால் இல்லை. கடைசியாக ஒன்று: எல்லாம் முடிந்தபின் எத்தனை நாள் கழித்துப் பாய்மரம் ஏற்றலாம்?

உப்புத்தாள்:
25 டிகிரி சுற்றி வெப்பம் இருந்தால் ஏழு நாள். குளிர் என்றால் இரட்டிப்பு. ஏற்றும் முன் அதே அலுமினியப் பட்டையை வைத்து மேலேயும் கீழேயும் அளந்து, இரண்டு எண்ணையும் கூரையின் அடியில் பென்சிலால் எழுதுங்கள். கம்பிகளை முதலில் கையால் இறுகும் அளவுக்கு மட்டும். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி அளங்கள். எண் மாறாவிட்டால் முழுதாக இறுக்கலாம். இரண்டு எண்ணும் ஒரே அளவு மாறியிருந்தால் தூணடிக்குப் போங்கள், டெக்கைத் தொட வேண்டாம்.