வெள்ளைக் கோடும் அம்மா தேடுன மங்கும்

பட்டர்வொர்த் தம்பி:
போன மாசம் பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு ஓவியக் கண்காட்சிக்கு அம்மாவ கூட்டிட்டுப் போனேன். ஆளுயர கேன்வாஸ், முழுக்கக் கருப்பு, மேலேருந்து சாய்வா ஒரு வெள்ளைக் கோடு, அங்கங்க மஞ்சப் புள்ளி. அங்க நின்ன பையன் இது பால்வீதி, கருப்புன்னா வெறுமை, மஞ்சள்னா நம்பிக்கைன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தான். அம்மா கிட்ட போயி அந்தக் கோட்டையே பாத்துட்டு நின்னாங்க, அப்புறம் சத்தமா "கீழ மங்கு வைக்கலயே, பால் வீணா போவுதே"ன்னாங்க. இருபது வருசம் ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுனவங்க, மங்குன்னா மரத்துல வடியற பாலப் புடிக்கிற கிண்ணம். ஆளுங்க பாக்குறாங்களேன்னு நான் "அம்மா அது வானம், சும்மா இருங்க"ன்னுட்டேன். ஃபெர்ரில திரும்பி வர்ற வரைக்கும் அவங்க வாயத் தொறக்கல.

செந்தூல்காரன்:
அந்தப் பையன் சொன்னத நம்பாதீங்க தம்பி. எங்க வீட்டு ஹால்ல ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் 1995ல எடுத்த 'படைப்பின் தூண்கள்'ங்கிற வாயு, தூசி மேகப் படம் மாட்டிருக்கு, அதுல இருக்கிற பச்சை உயிரோட அடையாளம்னு வர்றவங்ககிட்டலாம் ரெண்டு வருசமா சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் மக சொல்றா, அப்பா அது ஹைட்ரஜன், கந்தகத்துக்கு சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம்னு பிரிச்சுக் குடுத்திருக்காங்கன்னு. ஹைட்ரஜனும் கந்தகமும் நெசத்துல ரெண்டுமே சிவப்பாதான் ஒளிருமாம், வித்தியாசம் தெரியத்தான் ஒன்னுக்குப் பச்சையாம். அன்னிக்கு ராத்திரி அந்தப் படத்து முன்னாடியே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நெறத்துக்கு அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி யார் எதுக்குப் போட்டாங்கன்னு கேக்கணும்.

பிறை அக்கா:
அண்ணே, அது டெலஸ்கோப் படம், தம்பி சொல்றது ஒருத்தர் கையால வரைஞ்சது, ரெண்டையும் ஒன்னா போட்டா எப்படி? நெறத்துக்கு நம்ம கிட்ட அர்த்தமே இல்லையா? நவக்கிரகத்துக்குத் துணி சாத்துறதப் பாருங்க, செவ்வாய்க்கு சிவப்பு, புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள், சனிக்குக் கருப்பு. செவ்வாய் மண்ணு இரும்புத் துருவால சிவந்திருக்குன்னு இன்னிக்கு சொல்றாங்க, நம்மாளுங்க வெறுங்கண்ணால பாத்தே சிவப்பு சாத்திட்டாங்க. நான் ஆசப்பட்டு எடுத்த ஒரு கருப்புப் படத்த, சனி நெறம் வீட்டுக்கு ஆகாதுன்னு மாமியார் கடையிலயே திருப்பி வெக்க வெச்சாங்க, இன்னும் மனசுல நிக்குது. தம்பிக்கு ஒன்னு சொல்றேன், இனிமே படத்துக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்த கடைசியா படிங்க, மொதல்ல பத்தடி தள்ளி நில்லுங்க, அப்புறம் கிட்ட போயி பெயிண்ட் எங்க தடிப்பா இருக்குன்னு பாருங்க, வரைஞ்சவரு எங்க அதிக நேரம் நின்னாருன்னு அதுலயே தெரியும், கூட வந்தவங்க என்ன சொன்னாலும் குறுக்க பேசாதீங்க, முக்கியமா பெரியவங்க.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா, நேத்து பசியாறுறப்ப அம்மாகிட்ட கேட்டேன், அந்த மஞ்சப் புள்ளிலாம் என்னம்மான்னு. பக்கத்து மர நெரையில பால் வெட்டுறவங்க நெத்தி வெளக்காம். விடியக் காத்தால குளிர்ச்சியிலதான் பால் நல்லா எறங்கும், அதனால இருட்டுலயே போயிருவாங்களாம், தூரத்துல அந்த வெளிச்சம் அசையறது தெரிஞ்சா பயமில்லாம வெட்டுவாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் கூட்டிட்டுப் போறேன், அந்தப் படம் இன்னும் அங்கயே இருக்கணும்.