டிசம்பர் 26 அன்று கல்யாணம் வைக்கலாமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தொடங்கியவர் (மார்த்தாண்டம் பக்கம்)

தம்பிக்கு டிசம்பர் 26-இல் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பெண் வீடு குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். எங்கள் பக்கம் திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத்தில், கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. வளைகுடாவில் இருப்பவர்கள் லீவு எடுத்து வருவதும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான். ஆகவே 26 முதல் 30 வரை மண்டபத்துக்கு அடிதடி. நாங்கள் கேட்ட மண்டபத்தில் 26 மட்டும் காலியாக இருந்தது. ஏன் காலி என்று மண்டபத்துக்காரரே சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது.

2004 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் என்ன பாடுபட்டன என்று தெரியும். ஆனால் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் எங்களுக்கு அது செய்தியில் பார்த்த நாள்தான். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சரியா தவறா என்ற தீர்ப்பு வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. அந்தத் தேதியில் நடந்த விசேஷம் எதையாவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

மைக் செட்காரர், நாகை

என் தொழிலே விசேஷ வீடுகள்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் மட்டும் அன்றைக்கு ஏறக்குறைய 6,000 பேர் போனார்கள். தமிழ்நாடு முழுக்க எண்ணினால் சுமார் 8,000. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமெல்லாம் டிசம்பர் 26-இல் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. காலையில் ஊர்வலம் போவார்கள், கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுவார்கள், நினைவுத் தூணுக்கு மாலை போடுவார்கள். எனக்கும் அன்று வேலை உண்டு. ஒரே ஒரு மைக், ஒரு குழாய் ஸ்பீக்கர். பாட்டு கிடையாது.

சில வருஷத்துக்கு முன் ஒரு சுனாமி குடியிருப்பிலிருந்து அதே தேதிக்குப் பிறந்தநாள் ஆர்டர் வந்தது. முதலில் முடியாது என்றேன். அப்புறம் குழந்தையின் தாத்தாவே நேரில் வந்து விவரம் சொன்னார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, முன்பு செய்திருந்த கருத்தடை ஆபரேஷனை மாற்றி மறுபடி குழந்தை பெற அரசே செலவு ஏற்றுக்கொண்டது, நினைவிருக்கும். அப்படிப் பிறந்த பெண் பிள்ளை அது. அதன் பிறந்தநாள் டிசம்பர் கடைசி வாரம். வெளியூரில் இருக்கும் சொந்தம் முழுவதும் 26-ஆம் தேதி நினைவு நாளுக்கு எப்படியும் வந்து சேரும், அந்த ஜனம் மறுபடி எப்போது ஒன்றாகக் கூடப்போகிறது, அதனால் அன்றைக்கே வைத்துவிடலாம் என்றார். உணர்ச்சிவசப்பட்டு எதுவும் பேசவில்லை. பஸ் செலவுக் கணக்குத்தான் சொன்னார்.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. ஒருத்தர் கூடவே கூடாது என்றார். இன்னொருத்தர், செத்தவர்களின் பேரைச் சொல்லிக் கொண்டாட அந்த வீட்டை விட்டால் யாருக்கு உரிமை என்று கேட்டார். கடைசியில் வந்த முடிவு என் தொழிலுக்கு ஏற்ற மாதிரி இருந்தது: விளக்கு ஏற்றி முடிந்த பிறகு சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம், குழாய் கட்டக் கூடாது, பாக்ஸ் மட்டும் போடலாம், சத்தம் அந்தத் தெருவைத் தாண்டக் கூடாது.

அப்படியே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டில் நான்கு பேர் போனவர்கள். யாரும் போய்த் தட்டவில்லை. பந்திச் சாப்பாட்டைக் கொடுத்து அனுப்பினார்கள், வாங்கிக்கொண்டார்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். 2004-இல் அது மார்கழிப் பௌர்ணமி. திதி பார்த்துப் படைக்கிறவர்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் நாள் மாறிப்போகும். டிசம்பர் 26 என்பது ஊருக்கான நாள், திதி வீட்டுக்கான நாள். திதி அன்று யார் வீட்டில் பாட்டு போட்டாலும் அடுத்த தெருவில் ஒருவரும் கேட்பதில்லை. சண்டை எல்லாம் தேதிக்குத்தான்.

பெயர் வேண்டாம்

2004 டிசம்பர் 26 பிறந்தவன் நான். தஞ்சாவூரில், காலையிலேயே. அப்பா மிட்டாய் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததாகச் சொல்வார்கள்.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபோனில் ஒரே நாளில் கேக் படமும் மெழுகுவர்த்திப் படமும் மாறி மாறி வரும். சில நண்பர்கள் என் வாழ்த்தை மறுநாள் போடுவார்கள். காரணம் கேட்டால் மறந்துவிட்டது என்பார்கள், எனக்கும் தெரியும். அம்மா நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்துவிடுவார், அது எப்போதும் வேறு தேதியில் வரும். இருபதாவது நினைவு நாள் வந்தபோது எனக்கும் இருபது. டிவியைப் போட்டால் எல்லாச் சானலிலும் அலைதான். அன்று மட்டும் எனக்கே கேக் வெட்டத் தோன்றவில்லை. யாரும் வெட்டாதே என்று சொல்லவும் இல்லை.

கடலூர்க்காரி

நான் பார்த்தது கோபம் வருகிற மாதிரியானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட், பெயர் எழுதவில்லை. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்த வாரம், அறை எல்லாம் நிரம்பியிருந்தது. சாயங்காலம் டிஜே. அதை ஒட்டியே ஒரு மீனவக் குப்பம். வந்தவர்கள் ஆடினார்கள், சரி, அவர்களுக்கு என்ன தெரியும், பாதிப் பேர் வேறு மாநிலம்.

ஆனால் குப்பத்துப் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தபோது ரிசார்ட்டின் காவலாளி ஓடி வந்து, கொஞ்சம் தள்ளிப் போய் ஏற்றுங்கள், கெஸ்ட் போட்டோ எடுக்கிறார்கள் என்றான். கடற்கரை யாருடையது? அந்தப் பெண்கள் சண்டை போடவில்லை, தள்ளிப் போனார்கள். நான்தான் கத்தினேன். அவன் பாவம், சொல்லச் சொன்னதைச் சொன்னான். மேனேஜர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன் மேடம் என்றார். நான் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை!

ஒரு மாற்றுக் கருத்து

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் எழுதுகிறேன். ஜனவரி 30 காந்தி சுடப்பட்ட நாள். காலை 11 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். அது தை மாதம், நம் ஊரில் முகூர்த்தத்துக்குக் குறைவில்லாத மாதம். அந்தத் தேதியில் முகூர்த்தம் விழுந்து யாராவது கல்யாணத்தைத் தள்ளி வைத்ததை இதுவரை பார்த்ததுண்டா? நான் மூன்று கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். இப்படிப் பார்த்தால் காலண்டரில் எந்தத் தேதியும் மிஞ்சாது.

கடலூர்க்காரி

காந்தி சுடப்பட்ட அன்று உங்கள் தெருவில் சாவு விழவில்லை. இங்கே கேட்டவரின் சம்பந்தி வீட்டுத் தெருவில் விழுந்திருக்கிறது. காலண்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் பேசிப் பாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து

எங்கட நாட்டில் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25-க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். கிழக்கில் அலை அதற்கு முன்னமே வந்துவிட்டது என்பது வேறு கதை. நேரம் குறித்தவர்கள் தெற்கைப் பார்த்துக் குறித்திருப்பார்கள் என்று எங்கட ஐயா சொல்வார். இலங்கையில் 30,000-க்கு மேல் செத்தார்கள், அதில் அம்பாறை மாவட்டத்தில்தான் இழப்பு அதிகம்.

கேட்டவருக்குப் பயன்படும் ஒன்று சொல்கிறேன். எங்கட உறவில் ஒரு கலியாணம் 26-ஆம் திகதி காலமை தேவாலயத்தில் நடந்தது. மாப்பிள்ளை கனடா, லீவு அவ்வளவுதான். பூசை தொடங்க முன்னம் சுவாமி எல்லோரையும் எழும்பச் சொல்லி மௌனம் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் என்று விளங்கவில்லை, கதைத்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் ஏசவில்லை. பொம்பிளையின் தாய் மட்டும் அழுதா. கலியாண வீட்டில் தாய் அழுவது எப்படியும் நடப்பதுதான் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருப்பார்கள். அவவின் தம்பி அலையில் போனவர் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, பாட்டும் இருந்தது, பின்னேரம் வரை இருந்து சிரித்துத்தான் பிரிந்தோம்.

குளச்சல் பக்கம், கடற்கரை ஊர்

நான் பெண் வீட்டு ஊர்க்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊர் என்று சொல்லவில்லை.

26 காலையில் எங்கள் பக்கம் ஒட்டுமொத்தமாகப் புதைத்த இடங்களில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் நடக்கும். பங்குத்தந்தை, ஊர் ஜனம் எல்லாரும் அங்கேதான். பூ வாங்கிக்கொண்டு திருவனந்தபுரத்திலிருந்தெல்லாம் வருவார்கள். கல்யாணம் வைத்தால் சொந்தம் வராமல் இருக்காது, வரும். கல்லறையில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, பட்டு உடுத்து மண்டபத்துக்கு வர வேண்டும். வயசானவர்களுக்கு அது கஷ்டம். உங்களைத் தவறாக நினைக்கிறார்கள் என்று இல்லை, அந்த நாளில் அவர்களுக்கு அலைச்சல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பெண் வீட்டில் வாய் திறந்து 26 வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் குறித்த தேதி, நாம் எப்படி மறுப்பது என்று இருப்பார்கள். "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டால் சம்மதம் என்றுதான் பதில் வரும். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். 26, 27 இரண்டையும் முன்னால் வைத்து, எது வசதி என்று கேளுங்கள். கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள், அதற்கப்புறம் மாற்றினால் ஊரில் வேறு காரணம் கட்டுவார்கள்.

மைக் செட்காரர், நாகை

மேலே எழுதியவர் சொன்னதுதான். பெண் வீட்டில் பெரியவர்களைக் கேட்காதீர்கள், பெண்ணின் அண்ணன் தம்பி வயசில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள்.

தொடங்கியவர்

பெண்ணின் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினேன். இரண்டு தேதியும் சொன்னேன், ஒரு நொடிகூட யோசிக்காமல் 27 என்றார். அப்பா சரி என்றுவிட்டார், அம்மாவும்தான். ஆனால் 27-க்கு அந்த மண்டபம் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போடலாமா என்று பார்க்கிறோம். செண்டை மேளத்துக்கு 26 என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, ஒரு நாள் தள்ளித் தருவார்களா என்று இனிமேல்தான் கேட்க வேண்டும்.